வற்றுகிற பண்ணைக்குட்டையில் எத்தனை மீன் விடலாம்?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் மானாவாரி நிலம். 30 மீட்டருக்கு 30 மீட்டர் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறேன். ஐப்பசி மழையில் ஐந்தடி நிற்கும், சித்திரையில் வற்றிவிடும். போன மார்கழியில் ஓர் அங்குலக் குஞ்சு 3,000 விட்டேன். பிடித்தபோது எல்லாம் உள்ளங்கை அளவுதான், கூடவே நாலைந்து விரால். சில நாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இந்த முறை 5,000 விடலாமா?

பதில்: வேண்டாம். 450 விடுங்கள், போதும்.

குட்டையின் இரையும் ஆக்சிஜனும் இத்தனை கிலோ மீனைத்தான் தாங்கும். அந்த எடையை 3,000 மீன் பங்குபோட்டால் ஆளுக்கு ஐம்பது கிராம் தேறும், அதை வாங்க ஆள் வராது. 450 விட்டு 350 பிழைத்து, அரைக்கிலோ வந்தாலே 175 கிலோ. ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் குட்டைக்குச் சதுர மீட்டருக்கு ஒரு மீன் என்று கணக்கு வைப்போம். உங்கள் குட்டை தையிலிருந்து சுருங்கத் தொடங்கிவிடும். அதனால் அதில் பாதிதான் சரி.

எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல், விட்ட குஞ்சின் அளவு. ஐந்து மாதத் தண்ணீரில் ஓர் அங்குலக் குஞ்சு சந்தை அளவுக்கு வராது. வளர்ப்புக் கெண்டை மீன்களான கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் மழைக்கால ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் மீன்கள், தேங்கிய குட்டையில் இனப்பெருக்கம் செய்யாது. 1957-ல் ஒடிசாவின் அங்குலில் மீன் ஆய்வாளர் ஹீராலால் சௌத்ரி குழுவினர், மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணையில் குஞ்சு கிடைக்க ஆரம்பித்தது. இன்றும் ஆடி, ஆவணிதான் குஞ்சு தாராளமாகக் கிடைக்கும் காலம். உங்கள் குட்டை நிறைவதோ ஐப்பசியில். இடையில் உள்ள அந்த இரண்டு மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள். கிணற்றடியில் சிறு தார்ப்பாய்த் தொட்டி அமைத்து, ஆடியில் குஞ்சு வாங்கி அதிலேயே வளர்த்து வாருங்கள். விரலைவிட நீளமானதும் குட்டைக்கு மாற்றலாம். ஆந்திர விவசாயிகள் குஞ்சுகளை நெருக்கமாக, அரைத்தீவனத்தில் ஓராண்டு வைத்திருந்து பிறகு குளத்தில் விடுவார்கள். ஒடுங்கிக் கிடந்த குஞ்சு இடமும் இரையும் கிடைத்ததும் மடமடவென்று வளரும். அப்படிப்பட்ட ஓராண்டுக் குஞ்சு கிடைத்தால் விலை கூடினாலும் வாங்குங்கள், உங்களைப் போன்ற வற்றும் குட்டைக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை.

கட்லா 180, ரோகு 135, மிர்கால் 135 என்று பிரித்துக்கொள்ளுங்கள். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். தார்ப்பாய் விரித்த குட்டையானால் சேறு இருக்காது, மிர்காலைக் குறையுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் சொன்னாலும் விடாதீர்கள், அதை வளர்க்கத் தடை இருக்கிறது.

விரால் வந்தது வரத்துக்கால் வழியாகவோ, வற்றாமல் கிடந்த சேற்றுக்குழியிலிருந்தோதான். ஒரு விரால் உங்கள் சிறு குஞ்சுகளில் எத்தனையைத் தின்றிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. கோடையில் குட்டையை வெடிப்பு விடும்வரை காயவிட்டு உழுதுவிடுங்கள். தண்ணீர் நுழையும் இடத்தில் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். குழியில் தண்ணீர் மிஞ்சியிருந்தால் ஆயிரம் லிட்டருக்குக் கால் கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள். அதன் நஞ்சு அடங்க மூன்று வாரம் ஆகும், அதுவரை குஞ்சு விடக்கூடாது.

காய்ந்த தரையில் 20 கிலோ சுண்ணாம்பு தூவி, தண்ணீர் ஏறியதும் 150 கிலோ சாணத்தைக் கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தண்ணீர் பச்சை கட்டும். அதன் பிறகு குஞ்சு விடலாம். முழங்கைவரை கையை நீருக்குள் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தில் உள்ளங்கை மங்கி மறைந்தால் சரியான பதம். தெளிவாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சாணம் போடலாம். மணிக்கட்டு தாண்டியதுமே மறைந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

விடியற்காலையில் வாய் திறந்தது இதனால்தான். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதையே இழுத்துக்கொள்ளும். மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் விடியலில் நிலைமை இன்னும் மோசமாகும். அப்போது தீவனமும் சாணமும் போடாமல், மோட்டாரைப் போட்டு அதே தண்ணீரை உயரத்திலிருந்து குட்டைக்குள் சிதறி விழச் செய்யுங்கள். மேகமூட்டமான நாளில் சாணம் கரைக்கவே கூடாது.

தீவனம் சுலபம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி, மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு. முப்பது கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 900 கிராம். ஓட்டை போட்ட சாக்கில் கட்டி மூங்கில் கழியில் தொங்கவிட்டால் வீணாகாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சுவலை போட்டு நாலு மீனை எடைபார்த்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாசியில் தண்ணீர் மூன்றடிக்கு இறங்கியதும் பெரிய கட்லாக்களை முதலில் பிடித்து விற்றுவிடுங்கள். மிச்சத்துக்கு இடம் கிடைக்கும். பங்குனி வெயிலில் தண்ணீர் சூடேறுவதற்குள் மீதியையும் இழுவலை போட்டு எடுத்துவிட வேண்டும்.