டிஜிஏ உள்ள பச்சிளங்குழந்தைக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: "தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்து 4 நாள் ஆகிறது. உடம்பு நீலமாக இருந்ததால் எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறி இருக்கின்றன, டிஜிஏ என்றார்கள். கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இல்லையாம். 2 வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார் டாக்டர். 'மூணு கிலோ கூட இல்லாத பிள்ளையின் நெஞ்சைத் திறப்பதா? கொஞ்சம் தேறட்டும், ஆறு மாசம் போகட்டும்' என்கிறார் தங்கையின் மாமியார். எதைக் கேட்பது?"

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக பெர்ஃப்யூஷனிஸ்ட்டாக இருந்தவள். இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் உடம்புக்கு ரத்தம் ஓட்டும் ஹார்ட்-லங் மெஷினை இயக்குவதுதான் என் வேலை. தியேட்டரில் அதை 'பம்ப்' என்போம், இந்த ஆபரேஷனை 'ஸ்விட்ச்' என்போம். "நாளைக்குக் காலையில ஒரு ஸ்விட்ச் இருக்கு" என்று சொன்னால் அன்று ராத்திரி சீக்கிரம் தூங்கிவிடுவேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வீட்டில் சம்ப்பிலிருந்து தண்ணீரை இழுத்து மேல் தொட்டிக்கு ஏற்ற வேண்டிய மோட்டார், பைப்பை மாற்றி மாட்டியதால் திரும்ப சம்ப்பிலேயே கொட்டினால் எப்படி இருக்கும்? இந்தக் குழந்தைக்கு அதுதான் நடக்கிறது. உடம்பிலிருந்து வந்த கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் மறுபடி உடம்புக்கே போகிறது. நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தம் திரும்பவும் நுரையீரலுக்கே போகிறது. இரண்டு வட்டமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பிறந்த முதல் சில நாட்கள் பிள்ளை உயிரோடு இருப்பது, கருவில் இருந்தபோது திறந்திருந்த இரண்டு வழிகள் இன்னும் முழுதாக மூடாததால்தான். அவை வழியாகக் கொஞ்சம் ரத்தம் கலக்கிறது. எந்தச் சிகிச்சையும் இல்லாத காலத்துக் கணக்குப்படி, இப்படிப் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி முதல் மாதத்திலேயே போய்விடும். முதல் பிறந்தநாளைப் பார்ப்பது பத்தில் ஒன்றுதான்.

இப்போது உங்கள் பிள்ளைக்கு டிரிப்ஸில் ஒரு மருந்து ஓடிக்கொண்டிருக்கும். ப்ரோஸ்டாகிளாண்டின் என்று பெயர், அந்த வழிகளில் ஒன்றை மூடவிடாமல் பிடித்து வைப்பது. அதனால் காய்ச்சல் வரலாம், சில நேரம் மூச்சும் நின்று நின்று வரலாம். ஐசியூவில் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், பயப்படாதீர்கள். கலப்பு போதவில்லை என்றால் தொப்புள் வழியாகவோ தொடை வழியாகவோ ஒரு பலூனை இதயத்துக்குள் செலுத்தி, மேலறைகளின் நடுச்சுவரில் வெடுக்கென்று இழுத்து ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். பிலடெல்பியாவில் வில்லியம் ராஷ்கைண்ட் 1966-ல் வெளியிட்ட முறை அது. கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் கரிநீலமாகக் கிடந்த பிள்ளை சில நிமிஷங்களில் நிறம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இதையெல்லாம் செய்து பிள்ளையை நிலையாக வைக்க முடியும் என்றால் ஆறு மாதம் காத்திருந்தால் என்ன? மாமியார் கேட்பது இதுதான். அவர் சொல்வது முட்டாள்தனம் இல்லை. ஒரு காலத்தில் பெரிய இதய அறுவை நிபுணர்களே அப்படித்தான் காத்திருந்தார்கள்.

ஸ்வீடனில் ஆக்கே சென்னிங் 1958-லும், டொராண்டோவில் வில்லியம் மஸ்டர்ட் 1963-லும் செய்து காட்டிய ஆபரேஷன்களில் பெரிய குழாய்களைத் தொடவே மாட்டார்கள். மேலறைக்குள் தடுப்பு கட்டி, வரும் ரத்தத்தையே திசை மாற்றிவிடுவார்கள். பைப் மாறியிருந்தால் தண்ணீர் வரும் பக்கத்தை மாற்றிவிடுவது மாதிரி. புத்திசாலித்தனமான வேலை. அதைச் சில மாதங்கள் கழித்து, பிள்ளை வளர்ந்த பின் செய்யலாம். 'தேறட்டும்' என்பது அப்போது நியாயமான பேச்சு. குறை எங்கே என்றால், நுரையீரலுக்கு மட்டும் தள்ளப் பிறந்த வலது கீழறை ஆயுள் முழுக்க மொத்த உடம்புக்கும் ரத்தம் தள்ள வேண்டியிருந்தது. இருபது முப்பது வயதில் அது தளர ஆரம்பித்தது. துடிப்பின் தாளமும் கெட்டது.

குழாய்களையே வெட்டி இடம் மாற்றினால் என்ன என்ற யோசனை அதற்கும் முந்தியது. மஸ்டர்ட்டே 1950களில் முயன்றிருக்கிறார், குரங்கின் நுரையீரலை பம்ப்புக்கு ஆக்சிஜன் கருவியாக வைத்துக்கொண்டு! (என் தொழிலின் முன்னோர்களில் குரங்கும் உண்டு என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சொல்வேன்.) அந்த முயற்சிகள் தோற்றன. 1975-ல் சாவோ பாவ்லோவில் அடிப் ஜாட்டேனேதான் முதலில் வென்றார். பின்னாளில் பிரேசிலின் சுகாதார அமைச்சரானவர் அவர். அவர் வென்ற அந்தக் குழந்தைக்குக் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தது. உங்கள் தங்கை பிள்ளைக்கு அது இல்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

கருவில் இருக்கும்போது நுரையீரலில் ரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கும். அதற்குள் ரத்தம் தள்ளுவது கடினம், அதனால் பிறக்கும்போது இரண்டு கீழறைகளும் ஒரே அளவு பலத்தோடு இருக்கும். பிறந்து மூச்சு விட ஆரம்பித்ததும் நுரையீரலின் எதிர்ப்பு வாரத்துக்கு வாரம் குறைகிறது. இந்தக் குழந்தைக்கு நுரையீரலுக்குத் தள்ளுவது இடது கீழறை. வேலை குறையக் குறைய அதன் தசை மெலிகிறது. ரெண்டு மாதம் ஏர் பூட்டாமல் கட்டுத்தறியிலேயே நின்ற மாட்டைத் திடீரென்று வண்டியில் பூட்டி மலையேறச் சொன்னால் என்ன ஆகும்? ஸ்விட்ச் முடிந்த அந்த நிமிஷத்திலிருந்து மொத்த உடம்புக்கும் ரத்தம் தள்ள வேண்டியது அந்த இடது கீழறைதான். நடுவில் பெரிய ஓட்டை இருந்தால் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக இருந்து இடது கீழறை பலம் குறையாமல் இருக்கும். ஜாட்டேனேயின் குழந்தைக்குக் கைகொடுத்தது அதுவே. ஓட்டை இல்லாத பிள்ளைகளுக்கு என்ன வழி என்று பலர் குழம்பினார்கள். லண்டனில் மக்தி யாக்கூப் 1977-ல் ஒரு வழி சொன்னார்: நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைச் சுற்றி ஒரு பட்டை கட்டி இறுக்கு, இடது கீழறை மறுபடி பழகட்டும், பிறகு மாற்று. 1980களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஆல்டோ காஸ்டனேடாவின் குழு இன்னும் நேரான பதிலைக் கண்டது: பலம் போகும் முன்பே, பிறந்த முதல் சில வாரங்களிலேயே செய்துவிடு.

அதனால்தான் உங்கள் டாக்டர் 2 வாரம் என்கிறார். எடை ஏறும் வேகத்தைவிட இடது கீழறை மெலியும் வேகம் அதிகம்.

காத்திருந்து வந்த ஒரு பிள்ளையை மறக்க முடியவில்லை. எழுபது நாள் குழந்தை, தெற்கே ஒரு ஊர். "பிள்ளை கறுப்பு, அவ்வளவுதான்" என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். பக்கத்து கிளினிக்கில் சளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நம் ஊர் நிறத்தில் நீலம் தோலில் எளிதில் தெரியாது. நாக்கையும் நகத்தையும் பார்க்கவேண்டும். எக்கோவில் இடது கீழறை வாழைப்பழம் மாதிரி வளைந்து நசுங்கிக் கிடந்தது. நேராக ஸ்விட்ச் செய்ய முடியாது என்று சர்ஜன் பட்டை கட்டினார், கூடவே நுரையீரலுக்கு ரத்தம் போக ஒரு சிறு குழாய். ஒன்பது நாள் கழித்து ஸ்விட்ச். முடிந்ததும் பம்ப்பைக் குறைத்துப் பார்த்தோம், இதயம் ஏற்கவில்லை. திரும்ப முழு ஓட்டத்துக்குப் போனேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி. அப்போதும் தடுமாறி, மருந்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் மெல்ல ஏற்றுக்கொண்டது. பிள்ளை பிழைத்தான். பத்து நாளில் வந்திருந்தால் ஒரே ஆபரேஷனோடு போயிருப்பான்.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்? மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே கிட்டத்தட்ட 250 மில்லி, ஒரு டம்ளர். நான் சேர்ந்த காலத்தில் பம்ப்பின் குழாய்களை நிரப்பவே அதைவிட அதிகம் வேண்டும். இப்போது கருவிகள் சிறுத்துவிட்டன, ஆனாலும் கொடையாளி ரத்தம் பெரும்பாலும் தேவைப்படும். உடம்பைக் குளிர்வித்து, இதயத்தை மருந்தால் நிறுத்தி, இரண்டு பெரிய குழாய்களையும் குறுக்கே வெட்டி மாற்றித் தைப்பார்கள். அதை எந்த நல்ல சர்ஜனும் செய்துவிடுவார். தியேட்டரில் பேச்சு நின்றுபோகும் கட்டம் வேறு. இதயத்துக்கே சாப்பாடு போடும் கரோனரி குழாய்கள் இரண்டும், உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனியின் பழைய அடியில் இருக்கின்றன. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். அவற்றைச் சுற்றியுள்ள சுவரோடு சட்டைப் பொத்தான் மாதிரி வெட்டியெடுத்து, தலைமுடி கனம் கூட இல்லாத நூலால் புதிய இடத்தில் தைக்கவேண்டும். துளி முறுக்கினாலும் இழுபட்டாலும் இதயத் தசைக்கு ரத்தம் நிற்கும். பெருந்தமனியை அடைத்து வைத்திருந்த கிளாம்ப்பை எடுத்ததும் எல்லோரும் பார்ப்பது இதயம் துடிக்கிறதா என்று மட்டும் இல்லை, அதன் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி சிவக்கிறதா என்றும்தான்.

அதனால் டாக்டரிடம் "ஆபரேஷன் சக்சஸ் ஆகுமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எக்கோவில் கரோனரி அமைப்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு வழக்கமான அமைப்புதான். சுவருக்குள்ளேயே புதைந்து ஓடும் வகை, ஒற்றைக் கரோனரி, இவை கொஞ்சம் சிரமம். அப்புறம், இங்கே வருஷத்துக்கு எத்தனை ஸ்விட்ச் செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மையங்களில் இன்று நூற்றில் 95-க்கும் மேல் பிழைக்கிறார்கள், ஆனால் அந்த எண் எல்லா ஊருக்கும் பொதுவானது இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1980களிலும் 90களிலும் நடந்த குழந்தை இதய அறுவைகளில் இறப்பு அதிகம் என்று முதலில் கணக்கெடுத்துக் காட்டியவர் ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருந்து டாக்டர். 2001-ல் வந்த விசாரணை அறிக்கை அந்த நாட்டு மருத்துவத்தையே உலுக்கியது. அதற்கு நேர்மாறாக லண்டனில் மார்க் டி லெவால், தான் செய்த 104 ஸ்விட்ச்களில் நடுவே இறப்புகள் குவிந்ததை 1994-ல் தானே எழுதி வெளியிட்டார். நன்றாகச் செய்துவந்தவர், திடீரென்று ஏன் தவறுகிறது என்று பார்த்து, வேறு மையத்துக்குப் போய்த் திருத்திக்கொண்டு வந்தார். அப்படிப்பட்டவர் கையில் என் பிள்ளையைக் கொடுப்பேன்.

முடிந்து வெளியே வரும்போது நெஞ்சு தைக்கப்படாமல், மேலே ஒரு மூடியோடு மட்டும் இருக்கலாம். இதயம் வீங்கியிருப்பதால் ஒன்றிரண்டு நாள் அப்படி விடுவது வழக்கம். இதை முன்கூட்டியே தங்கையிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் பார்த்து மயங்கி விழுந்த அம்மாக்கள் உண்டு.

பிறகு? பள்ளிக்கூடம் போவான், ஓடுவான், விளையாடுவான். ஆனால் "குணமாகிவிட்டது, இனி டாக்டர் வேண்டாம்" என்று விட்டுவிடக்கூடாது. நுரையீரல் குழாயில் தைத்த இடம் குறுகலாம், புதிய பெருந்தமனியின் அடி விரியலாம், கரோனரியையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வருஷா வருஷம் எக்கோ, பல் சுத்தம், இரண்டும் ஆயுசுக்கும் வேண்டும். பேச்சு, எழுத்து, கவனம் இவற்றில் சில பிள்ளைகள் கொஞ்சம் பின்தங்குகிறார்கள். பாஸ்டனில் ஸ்விட்ச் செய்துகொண்ட 171 குழந்தைகளைப் பதின்வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு இதைக் காட்டியது. பம்ப் ஓட்டும் எங்களுக்கு அது ஒரு பாடப் புத்தகம், ரத்த ஓட்டத்தை முழுதாக நிறுத்துவதா குறைத்து ஓட்டுவதா என்ற எங்கள் சண்டைக்காகவே நடந்தது. பேச்சு தாமதம் என்று தோன்றினால் "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்" என்று விடாமல் சீக்கிரம் காட்டுங்கள்.

பணம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய ஆபரேஷன்கள் உண்டு. மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் இன்றே பேசுங்கள். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் தேடுவதில் இரண்டு நாள் போய்விடக்கூடாது. ரத்தம் கொடுக்க ஆட்களைத் தயாராக வைத்திருங்கள். பிரசவம் ஆன ஆஸ்பத்திரி வேறு என்றால் தங்கையை இங்கே அழைத்து வர ஏற்பாடு செய்யுங்கள். பால் கட்டிக்கொள்ளும், பீய்ச்சிச் சேமித்து வைக்க நர்ஸிடம் கேட்கலாம்.

மாமியாரிடம் பேசும்போது "அந்தக் காலத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, அத்தை" என்று ஆரம்பியுங்கள். பொய் இல்லை அது. அதன் பிறகு அந்த மாட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.