ரீஸ்டோர் பாதியில் நின்றால்... – கணினி கேள்வி பதில்

கேள்வி: 2017-ல் வாங்கிய லேப்டாப். ரொம்பவும் மெதுவாகிவிட்டதே என்று, வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோகும் ஃபேக்டரி ரீஸ்டோரைக் கொடுத்தேன். 37 சதவீதத்தில் அப்படியே நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி கொடுத்தாலும் அதே 37-ல்தான் நிற்கிறது. மகளின் பள்ளிப் புகைப்படங்கள் உள்ளே இருக்கின்றன. வேறு காப்பி இல்லை. – ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: இன்னொரு முறை ரீஸ்டோர் கொடுக்காதீர்கள். லேப்டாப்பை அணைத்து வையுங்கள். அந்தப் படங்களுக்காகத்தான் இதை முதலில் சொல்கிறோம். ஃபேக்டரி ரீஸ்டோர் பெரும்பாலும் சி டிரைவை முதலில் ஃபார்மேட் செய்துவிட்டு, பிறகுதான் விண்டோஸ் கோப்புகளை அதன்மேல் எழுதத் தொடங்கும். ஃபார்மேட் ஆனதாலேயே பழைய கோப்புகள் அழிந்துவிடாது. அவற்றின் மேல் வேறு எதையாவது எழுதும்போதுதான் நிரந்தரமாகப் போகும். ஒவ்வொரு முயற்சியிலும் அந்த ஆபத்து இருக்கிறது. படங்கள் டி டிரைவில் இருந்திருந்தால் இன்னும் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணில் நிற்பது நல்ல துப்பு. ராம் (தற்காலிக நினைவகம்) கோளாறோ சூடோ காரணமாக இருந்தால் ஒரு முறை 12-ல் நிற்கும், அடுத்த முறை 60-ல் நிற்கும். அதே இடத்தில் நின்றால் முதல் சந்தேகம் ஹார்ட் டிஸ்க்கின் மேல்தான். ரீஸ்டோருக்கு வேண்டிய கோப்புகள் அதே டிஸ்க்கில், பொதுவாகக் கடைசிப் பகுதியில், ரெக்கவரி பார்ட்டிஷன் என்ற மறைவான இடத்தில் இருக்கின்றன. அதில் ஒரு செக்டார் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு கட்டம்) கெட்டுப்போனால் டிஸ்க் உடனே கைவிடாமல் அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அதுவரை திரையில் எண் நகராது.

எழுதும் இடத்தில் செக்டார் கெட்டிருந்தால் டிஸ்க் தானாகவே உதிரி செக்டாருக்கு மாற்றி எழுதிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. படிக்க வேண்டிய இடத்தில் கெட்டிருந்தால் அப்படி மாற்ற வழியில்லை. அதில் என்ன இருந்தது என்று டிஸ்க்குக்கே தெரியாதே! அதனால்தான் எத்தனை முறை முயன்றாலும் அதே இடத்தில் நிற்கிறது. மெதுவானதற்கும் பெரும்பாலும் இதே டிஸ்க்தான் காரணம். ரீஸ்டோரால் அது சரியாகியிருக்காது.

இப்போது செய்ய வேண்டியது டிஸ்க் சோதனை. எச்.பி. என்றால் ஆன் செய்தவுடன் எஃப்2-ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல் என்றால் எஃப்12 தட்டி, வரும் பட்டியலில் டயக்னாஸ்டிக்ஸைத் தேர்ந்தெடுங்கள். டெல்லில் 2000-0142 என்ற எண்ணும், எச்.பி.யில் ஸ்மார்ட் ஹார்ட் டிஸ்க் எரர் 301 என்ற வரியும் வந்தால் டிஸ்க் போய்விட்டது அல்லது போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மற்ற கம்பெனி லேப்டாப்களுக்கு, வேறொரு கணினியில் உபுண்டு (விண்டோஸ் போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளம்) பென் டிரைவ் தயாரித்து, இன்ஸ்டால் செய்யாமல் சோதனை முறையில் மட்டும் திறந்து, 'டிஸ்க்ஸ்' என்ற செயலிக்குப் போய் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) பாருங்கள். வரும் நீண்ட பட்டியலில் நான்கு எண்கள் போதும். 5 என்பது ஏற்கெனவே உதிரிக்கு மாற்றப்பட்ட செக்டார்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 என்பது சரிசெய்யவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197-ல் எண் இருந்து, மறுநாள் பார்க்கும்போது அது கூடியிருந்தால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையே தகவல் போகும்போது வரும் பிழைகளைக் குறிக்கும் 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம், கேபிளோ கனெக்டரோ லூஸாக இருக்கும். கழற்றி அழுத்தி மாட்டிவிட்டு, அந்த எண் மேலும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

படங்களை மீட்க, டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறொரு கணினியில் செருகலாம். ஆனால் விண்டோஸில் செருகினால் 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' கேட்கும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் செக்-டிஸ்க் (அந்த 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' ஓட்டும் நிரல்) ஓட்டினால் இருப்பதும் போகலாம். லினக்ஸில் டிடி-ரெஸ்க்யூ என்ற நகல் எடுக்கும் நிரலைக் கொண்டு டிஸ்க் முழுவதையும் அதே அளவு அல்லது அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டோம் என்ற குறிப்புக் கோப்பையும் வைத்துக்கொள்ளும், நடுவே நின்றாலும் அங்கிருந்தே தொடரலாம். அந்த நகலின் மேல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டினால் ஃபார்மேட் ஆன பகுதியிலிருந்தும் படங்கள் கிடைக்கும், ஆனால் கோப்புப் பெயர்களும் ஃபோல்டர்களும் கிடைக்காது. டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் இவை எதுவும் வேண்டாம். டேட்டா மீட்கும் இடத்துக்கு அப்படியே கொண்டுபோங்கள்.

படங்களை எடுத்த பிறகு எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றுங்கள். மூடியைத் திறக்கும்போது, எல்லா ஸ்க்ரூவும் கழன்ற பிறகும் அது வரவில்லை என்றால் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டைகளுக்குள் பாருங்கள், அங்கே ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். 2.5 அங்குல டிஸ்க்கா, எம்.2 (சிறு பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.) ஸ்லாட்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எம்.2 வடிவத்திலேயே சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றது செருகிக்கொண்டாலும் வேலை செய்யாமல் போகலாம்.

கேள்வி: என் லேப்டாப்பில் ரீஸ்டோர் ஒரு முறை 12 சதவீதத்தில் நிற்கிறது, ஒரு முறை 70 வரை போகிறது. ஃபேன் சத்தம் பலமாகக் கேட்கிறது. டிஸ்க் சோதனை பாஸ். – வாசகி, ஓசூர்

பதில்: பிரிண்டர், மவுஸ், மெமரி கார்டு, டாங்கிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். மெத்தைமேல் வைக்காமல் கெட்டியான மேசையில் வையுங்கள். பக்கவாட்டில் வரும் காற்று கைக்கு உறைக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் அலறியும் காற்று வரவில்லை என்றால் ஹீட்சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். திறந்து, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசியை எடுங்கள்.

அடுத்தது ராம். இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ரீஸ்டோர் கொடுத்துப் பாருங்கள், பிறகு மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரே ஸ்டிக்தான் என்றால் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, நான்கு சுற்று இரவு முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம். ரீஸ்டோர் பெரிய சுருக்கப்பட்ட கோப்பை ராமில் விரித்துத்தான் எழுதுகிறது. ஒரு பிட் தவறினாலும் சரிபார்ப்பில் தோற்கும், அல்லது அப்படியே உறைந்துபோகும். சாதாரணமாக யூடியூப் பார்க்கும்போது அதே ராம் தொந்தரவே தராமல் இருக்கலாம். அதனால்தான் 'ராம் நல்லாத்தான் இருக்கு' என்று ஏமாந்துபோகிறோம்.

சார்ஜர் ஒரிஜினல்தானா என்றும் பாருங்கள். டெல் லேப்டாப்கள் பலவற்றில், சார்ஜரின் வகை தெரியவில்லை என்றால் பிராசஸர் வேகத்தை அடியோடு குறைத்துவிடும். அப்போது ரீஸ்டோர் நடந்துகொண்டேதான் இருக்கும், நமக்கு நின்றுவிட்டதாகத் தெரியும்.

கேள்வி: விண்டோஸின் 'ரீசெட் திஸ் பி.சி.' கொடுத்து ஐந்து மணி நேரமாக 64 சதவீதத்திலேயே இருக்கிறது. அணைத்துவிடலாமா? 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். – வாசகர், மன்னார்குடி

பதில்: இன்னும் வேண்டாம். கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. டிஸ்க் விளக்கு விட்டு விட்டு மின்னினால் வேலை நடக்கிறது. விளக்கு இல்லாத மாடலில் டிஸ்க் இருக்கும் பக்கத்தில் காதை வைத்தால் தலை நகரும் மெல்லிய கரகர சத்தம் கேட்கும்.

தொடக்கத்தில் 'கிளீன் த டிரைவ்' என்ற தேர்வைக் கொடுத்தீர்களா? அது டிஸ்க் முழுவதையும் எழுதி அழிக்கும். 5400 ஆர்.பி.எம். டிஸ்க் விநாடிக்குச் சராசரியாக 80 முதல் 100 எம்.பி. எழுதும் என்று வைத்தாலே 1 டி.பி.க்கு மூன்று மணி நேரம் ஆகும். பழைய டிஸ்க் என்றால் இன்னும் கூடும். லேப்டாப்பை விற்கப்போகிறவர்களுக்குத்தான் அந்தத் தேர்வு அவசியம். கொடுத்திருந்தால் ஒரு இரவு விட்டுவிடுங்கள். கொடுக்கவில்லை, விளக்கும் மின்னவில்லை, கேப்ஸ் லாக்கும் எரியவில்லை என்றால் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். கரண்ட் கட் ஆகும் ஊராக இருந்து பேட்டரியும் செத்துப்போயிருந்தால், யு.பி.எஸ். இல்லாமல் ரீசெட்டையே தொடங்காதீர்கள்.

கேள்வி: 'ரீசெட் செய்வதில் சிக்கல், எந்த மாற்றமும் செய்யப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் வருகிறது. ரெக்கவரி பார்ட்டிஷன் அழிந்துவிட்டதா? – வாசகர், தென்காசி

பதில்: அவசியமில்லை. விண்டோஸ் 10, 11-ல் ரீசெட் பொதுவாகக் கம்பெனி வைத்த பார்ட்டிஷனைத் தொடுவதே இல்லை, இப்போதிருக்கும் விண்டோஸின் கோப்புகளை வைத்தே தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கோப்புகள் பழுதானால் ரீசெட்டும் தோற்கும். 'கிளவுட் டவுன்லோட்' தேர்வு இருந்தால் அதைக் கொடுங்கள். சுமார் 4 ஜி.பி. இறங்கும், கெட்ட கோப்புகளை நம்பியிருக்க வேண்டியதில்லை. கம்பெனியின் சொந்த ரீஸ்டோர் வேறு: எச்.பி.யில் எஃப்11, ஏசரில் ஆல்ட்+எஃப்10, ஏசஸில் எஃப்9.

இரண்டும் ஆகவில்லை என்றால், விண்டோஸை அடியிலிருந்து புதிதாக ஏற்றும் கிளீன் இன்ஸ்டால்தான் நல்ல வழி. எங்களைக் கேட்டால், டிஸ்க் நன்றாக இருக்கும்போது ரீசெட்டோடு மல்லுக்கட்டுவதைவிட முதலிலேயே இதைச் செய்துவிடலாம். குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவ் எடுத்து, மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலால் தயாரியுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். விண்டோஸ் 8-ஓடு அல்லது அதற்குப் பிறகு வந்த லேப்டாப் என்றால் விண்டோஸ் கீ (உரிம எண்) மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். 'என்னிடம் கீ இல்லை' என்று கொடுத்துவிட்டு, முன்பு இருந்த அதே ஹோம் அல்லது புரோ பதிப்பையே தேர்ந்தெடுங்கள். மாற்றிக் கொடுத்தால் ஆக்டிவேட் ஆகாது. வைஃபை டிரைவரைக் கம்பெனி தளத்திலிருந்து முன்கூட்டியே அதே பென் டிரைவில் போட்டு வையுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் 8-ம் தலைமுறை பிராசஸரும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சிப்பும் இருந்தால் 11-ஐயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: ரீஸ்டோர் கொடுத்தால் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எதையும் லாக் செய்யவில்லையே? – வாசகி, நாகர்கோவில்

பதில்: அது பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் பூட்டின் ரெக்கவரி கீ. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தபோதே பல லேப்டாப்கள் தாமாகவே டிஸ்க்கைப் பூட்டிக்கொள்கின்றன. செல்போனில் அதே கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் ரெக்கவரி கீயைத் தேடுங்கள். திரையில் தெரியும் கீ ஐ.டி.யின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போகிற எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த மின்னஞ்சலில் லாகின் செய்திருந்தால் எண் அவர்களிடம் இருக்கும். எங்குமே கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை யாராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். லேப்டாப் வீணாகாது, பென் டிரைவிலிருந்து எல்லா பார்ட்டிஷனையும் நீக்கிவிட்டு விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே காட்டவில்லை. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) காட்டுகிறது. – வாசகர், ஆம்பூர்

பதில்: இன்டெல் 11-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய லேப்டாப் என்றால் பயாஸில் வி.எம்.டி. என்ற இன்டெல் டிஸ்க் நிர்வாக வசதி ஆனில் இருக்கலாம். கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, டிஸ்க் காட்டும் திரையில் 'லோட் டிரைவர்' கொடுங்கள். டிஸ்க் தெரியும். பழைய விண்டோஸை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தால் பயாஸில் வி.எம்.டி.யை ஆஃப் செய்யாதீர்கள். அது பூட் ஆகாமல் போகும்.