பாடத்தை அனுப்புவது சுலபம், திரும்ப வாங்குவதுதான் வேலை

கேள்வி இது: பள்ளி மூடிக் கிடக்கும்போது 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஆசிரியர்களால் உண்மையில் என்ன செய்ய முடியும்? கொரோனா நேரத்தில் எது உதவியது, எது வீண்?

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அதனால் நான் சொல்வதெல்லாம் கிராமத்துப் பிள்ளைகளை வைத்துத்தான். சென்னையில் ஆளுக்கொரு லேப்டாப் இருந்த வீட்டுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலருக்கு மறந்தே போய்விட்டது. 2020 மார்ச்சில் மூடினார்கள். 10, 12ஆம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19, 9, 11ஆம் வகுப்புகளுக்கு பிப்ரவரி 8 என்று திறந்தார்கள், மார்ச்சில் 12ஆம் வகுப்பைத் தவிர மற்றவர்களுக்கு மறுபடி மூடினார்கள், செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரை மறுபடி திறந்தார்கள். டிவியில் பேச்செல்லாம் பொதுத்தேர்வைப் பற்றித்தான். 8ஆம் வகுப்பு வரை உள்ளவர்கள் 2021 நவம்பர் 1 வரைக்கும் வீட்டிலேயே இருந்தார்கள். அதாவது 5ஆம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போன பிள்ளை, 6ஆம் வகுப்பு அறை எப்படி இருக்கும் என்றே பார்க்காமல், நேராக 7ஆம் வகுப்பு பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் 5 முடித்து எங்களிடம் சேர்ந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு எங்கள் முகம் தெரியாது, எங்களுக்கு அவர்கள் கையெழுத்துகூடத் தெரியாது.

பாடம் இல்லாமல் போனது என்று சொல்ல மாட்டேன். கல்வித் தொலைக்காட்சி 2019லேயே வந்துவிட்டது, 2020 ஜூலையில் இருந்து வகுப்புவாரியாகப் பாடம் ஓடியது, அரசு கேபிளில் 200ஆம் எண், யூடியூபிலும் இருந்தது. அதே ஜூலையில் புத்தகமும் கொடுத்துவிட்டோம். புத்தகத்தில் க்யூஆர் கோடு, அதை போனில் ஸ்கேன் செய்தால் வீடியோ. அப்புறம் தினமும் வாட்ஸப்பில் ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவு போனது சரி, பிள்ளையிடமிருந்து என்ன திரும்ப வந்தது? அதை யாரும் கேட்கவில்லை. குரூப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் வந்தால் பாடம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். அதைப் போட்டது பையனா, அவன் அப்பாவா, பக்கத்து வீட்டு அண்ணனா என்று யாருக்குத் தெரியும்.

என் பதில் இவ்வளவுதான்: பிள்ளை எழுதியதோ பேசியதோ வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு ஆசிரியரின் கைக்கோ காதுக்கோ வர வேண்டும், அதைப் பார்த்து அந்த ஆசிரியர் அதே பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டும். இந்தப் போக்குவரத்து இருந்த வீடுகளில் பிள்ளைகள் தாக்குப்பிடித்தார்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதற்கு முதல் தடை போன். நம்பர் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த போன் யாருடையது, பட்டன் போனா டச் போனா, எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், ரீசார்ஜ் யார் போடுகிறார்கள், அதே போனை நம்பி இன்னும் எத்தனை பிள்ளைகள், இதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காலையில் கூப்பிட்டால் அம்மா சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “போன அவங்க அப்பா எடுத்துனு போயிட்டாரு டீச்சர், ராவுலதான் வருவாரு.” கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாடு முழுக்க எடுக்கும் அசர் ஆய்வில், 2021இல் கிராமங்களில் படிக்கும் பிள்ளைகள் வீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஸ்மார்ட்போன் வந்துவிட்டது என்று கண்டார்கள். 2018இல் அது 36.5 சதவீதம்தான். நல்ல விஷயம்தான், ஆனால் அதே ஆய்வில் வீட்டில் போன் இருந்தும் கால்வாசிப் பிள்ளைகளுக்கு அது கைக்கே கிடைக்கவில்லை என்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அப்பா போனால் போனும் போகும். அண்ணன் காலேஜ் என்றால் அவன் ஆன்லைன் வகுப்பு முடிந்து மிச்சம் இருக்கும் டேட்டாதான் தங்கச்சிக்கு. இதில் காலை 10 மணிக்கு நேரலை வகுப்பு வைத்து யாரைப் பிடிப்பது? நேரலையே வேண்டாம் என்பது என் கருத்து, இந்த மாதிரி ஊர்களுக்கு. ராத்திரி 7 மணிக்கு மேல் 3 நிமிடக் குரல் பதிவு ஒன்று, “கணக்குப் புத்தகத்தில் இந்தப் பக்கம் எடு, இரண்டாவது கணக்கைப் படி, நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டே போடு” என்று. டேட்டாவும் அதிகம் தின்னாது, நாளைக்கும் கேட்கலாம், தங்கச்சியும் கேட்கலாம்.

அடுத்து நடுநிலை வகுப்புக்கே உரிய ஒரு தொல்லை. தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர், வேலை எளிது. 6க்கு வந்துவிட்டால் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம், ஐந்து பேரும் தனித்தனியாக அனுப்புகிறோம், அவரவர் பாடம் கொஞ்சம்தானே என்ற நினைப்பில். அது எல்லாம் ஒரே போனில் போய் விழும்போது அந்த அம்மா என்ன செய்வார்? போனை மூடி வைத்துவிடுவார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். மத்திய அரசின் வழிகாட்டுதலே 2020 ஜூலையில் 8ஆம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுக்கு மேல் ஆன்லைன் வகுப்பு வேண்டாம், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் போதும் என்றது. அதைத் தனியார் பள்ளிகள் எத்தனை மதித்தன என்பது பெற்றோருக்கே தெரியும்.

இதற்கு எங்களுக்கு ஒத்துவந்த வழி, பிள்ளைகளைப் பாடவாரியாகப் பிரிக்காமல் ஆசிரியர்வாரியாகப் பிரித்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் பத்துப் பன்னிரண்டு வீடு. அந்த வீட்டுக்கு எந்தப் பாடமாக இருந்தாலும் செய்தி அந்த ஒரு ஆசிரியர் வழியாகத்தான் போகும், பதிலும் அவருக்குத்தான் வரும். நான் கணக்கு டீச்சர்தான், ஆனால் என் வீடுகளுக்கு நான்தான் தமிழ் வாசிப்பும் கேட்டேன். பாட அறிவு பெரிதாகத் தேவைப்படவில்லை, யாரைக் கூப்பிடுவது என்று அம்மாக்களுக்குத் தெரிந்ததே பெரிய விஷயம். தலைமை ஆசிரியர்கள் இதற்குக் கொஞ்சம் தைரியம் காட்ட வேண்டும், ஏனென்றால் மேலே அனுப்பும் படிவத்தில் பாடவாரியாகத்தான் கட்டம் இருக்கும்.

பட்டன் போன் வீடுகளை விட்டுவிடாதீர்கள். பேசுவதற்குத் தனிக் காசு கிடையாது, நான்கு பிள்ளைகளைக் கான்ஃபரன்ஸில் சேர்க்கலாம். ஒருத்தி பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கட்டும், அடுத்தவன் அதில் என்ன சொன்னார்கள் என்று சொல்லட்டும். எந்த எழுத்தில் தடுக்குகிறது, எந்தச் சொல்லை ஊகித்துத் தாண்டுகிறார்கள் என்பது ஒரே நிமிடத்தில் காதில் விழும், எந்தத் தேர்வும் இவ்வளவு சொல்லாது. கணக்கில் விடை கேட்காதீர்கள், விடை கூகுளிலும் கிடைக்கும் அண்ணனிடமும் கிடைக்கும். கழித்தல் 7, கழித்தல் 3, இதில் எது பெரிசு, எப்படிச் சொல்கிறாய் என்று கேளுங்கள். 7தான் பெரிசு டீச்சர் என்று ஆரம்பித்து, பேசப் பேச, கடன் 7 ரூபாய் இருந்தால் கையில் குறைவுதானே என்று தானே வந்து சேர்ந்த பையன்கள் உண்டு.

போனே இல்லாத வீட்டுக்கு என்ன செய்வது என்றால், அரிசி. சத்துணவுக்குப் பதிலாக அப்போது அரிசி, பருப்பு, பிறகு முட்டையும் வீட்டுக்கே கொடுத்தோம் அல்லவா, அதை வாங்க எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும். அந்த நாள்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். ஒரு பிள்ளைக்கு இரண்டு நோட்டு. ஒன்று வீட்டில் இருக்கும், இன்னொன்று என்னிடம் இருக்கும். அரிசி வாங்க வரும்போது எழுதிய நோட்டைக் கொடுத்துவிட்டு, நான் திருத்திய நோட்டை வாங்கிப் போவார்கள். பயந்த காலம் என்பதால் வந்த நோட்டை இரண்டு நாள் தனியாக வைத்துவிட்டுத்தான் தொடுவோம். திருத்துவது என்றால் டிக் போட்டு ‘நன்று’ எழுதுவதல்ல. கடைசியில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஒரு கேள்வி எழுத வேண்டும், அதற்குப் பதில் அடுத்த முறை வர வேண்டும். ‘உங்கள் வீட்டுக் கிணற்றில் எத்தனை படி தண்ணீருக்குள் இருக்கு, எத்தனை வெளியே இருக்கு’ என்று 6ஆம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு முழுக்கள் பாடத்தில் எழுதினேன், அதற்கு அவன் படம் போட்டு, மோட்டார் பைப் வரைந்து, தேதி போட்டு இரண்டு பக்கம் அனுப்பினான். முகமே பார்க்காத பையன்.

வாரத்துக்கு ஒருமுறை வேண்டும் என்று மேலே சொன்னேன், அரிசி நாள் அவ்வளவு அடிக்கடி வராது. இடையில் அதே தெருவில் காலேஜ் படிக்கும் ஒரு அக்காவைப் பிடியுங்கள், திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டால் போதும், நோட்டையும் அவரே கொண்டுவந்து தருவார். பிற்பாடு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் வந்தபோது தன்னார்வலர்கள் சாயங்காலம் செய்தது ஏறத்தாழ இதைத்தான்.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். 7ஆம் வகுப்பு அறிவியலை அம்மா சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து அடுப்பு பற்ற வைக்கிறவரிடம் “கொஞ்சம் கவனிக்கக் கூடாதா” என்று சொல்லும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், கோபம்தான் வரும். படிக்கத் தெரியாத அம்மாவால் முடிந்த வேலை ஒன்று இருக்கிறது: ராத்திரி சமைக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து “இன்னிக்கு என்ன படிச்ச, சத்தமா படி, கேக்கறேன்” என்று சொல்வது. சரியா தப்பா என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தினமும் ஒருவர் கேட்கிறார் என்றாலே பிள்ளை புத்தகத்தைத் திறக்கும். “ஏம்மா, உனக்குத் தெரியாதுன்னு கவலப்படாத, நீ கேட்டாப் போதும்” என்று சொன்னபோது பல அம்மாக்களுக்கு முகம் மாறியதைப் பார்த்தேன்.

போனில் கேம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், பையன்கள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள், அதையும் 2022 பிப்ரவரியில் தடை செய்தார்கள், வேறு ஒன்றுக்குப் போனார்கள். ராத்திரி போன் சார்ஜ் ஏறுவது பெற்றோர் படுக்கும் இடத்தில் என்று ஒரு விதி வையுங்கள். அதற்கு மேல் எனக்கு யோசனை இல்லை.

நான் நிறையச் சொல்ல நினைப்பது 12, 13 வயது என்பதைப் பற்றி. சின்னப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்வார்கள், 10ஆம் வகுப்பு என்றால் தேர்வு இருக்கிறது என்று விட்டுவைப்பார்கள். நடுவில் இருப்பவர்கள்தான் நழுவுவார்கள். பையன் கொத்தனாரோடு கையாளாகப் போவான், இல்லையென்றால் பெங்களூரில் யாரோ மாமா பேக்கரியில் இருப்பார். பெண் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ளும், வயதுக்கு வந்துவிட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். பாடம் திரும்ப வர வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு உண்மையான காரணம் இதுதான். நோட்டு வருவது நின்றால் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு முறை வரவில்லை என்றால் நேரில் போங்கள்.

போய் உடனே சட்டம் பேசாதீர்கள். 14 வயதுக்குள் வேலைக்கு அனுப்பக் கூடாது என்று அவர்களுக்கும் தெரியும். அப்பாவுக்கு வேலை நின்றுவிட்டதா, கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அந்தச் சமயத்தில் என்ன உதவி வந்துகொண்டிருக்கிறது, வாங்கிவிட்டார்களா என்று பாருங்கள். கொரோனாவில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைக்கு 3 லட்சம், இருவரையும் இழந்தால் 5 லட்சம் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. அதை வாங்க இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அலைய வேண்டியிருந்த வீடுகளில், கணக்குப் பாடத்தைவிட அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த ஆசிரியர் செய்ததுதான் பெரிய உதவி. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைத்த நாப்கின் பள்ளி மூடியதும் நின்றுவிடும், கிராம செவிலியரிடம் சொல்லி வாங்கித் தாருங்கள், இதை ஆண் ஆசிரியர்கள் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் மட்டும் யோசிக்காமல் பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். யார் சொன்னது என்று வெளியே தெரியாது.

இப்போது உங்கள் பள்ளி நன்றாகத்தான் நடக்கிறது என்றால் செய்து வைக்க வேண்டியது அந்த போன் நோட்டுதான். ஜூனில் சேர்க்கை நடக்கும்போதே, எந்த நேரத்தில் போன் வீட்டில் இருக்கும் என்ற கேள்வியோடு சேர்த்து எழுதிவிடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை நம்பரைச் சரிபாருங்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் எவனாவது மலிவாக சிம் விற்றுவிட்டுப் போனால் பாதி வகுப்புக்கு நம்பர் மாறிவிடும்.