ஹோர்மோன் குளிசை போட்டா மார்புப் புற்றுநோய் வருமா?

கேள்வி: வயசு 52, இருக்கிறது வெள்ளவத்தை. பீரியட்ஸ் நிண்டு ஒண்டரை வருஷம். ராவில உடுப்பு நனையுற அளவுக்கு வேர்க்குது, நித்திரையே இல்ல. டொக்டர் ஹோர்மோன் குளிசை எழுதித் தந்தவர், ஆனா லண்டன்ல இருக்கிற மச்சாள் கான்சர் வரும், தொடாதீங்க எண்டு சொல்லுறா. போடலாமா?

பதில்: அக்கா, மச்சாள் சொல்லுறது பொய் இல்ல, ஆனா பாதிக்கதைதான். 2002ல அமெரிக்காவில 16,000க்கு மேல பெண்கள் சேர்ந்த ஒரு ஆய்வை இடையில நிப்பாட்டினாங்க, ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டின் எண்ட ரெண்டு பெண் ஹோர்மோனும் சேர்ந்த குளிசை போட்டவங்களுக்கு மார்புப் புற்றுநோய் கூட வந்தது எண்டு, அண்டைக்குப் பிடிச்ச பயம் இன்னும் போகேல்ல. எவ்வளவு கூட? வருஷத்துக்கு 10,000 பேரில ஒரு 8 பேர். அந்த ஆய்வில சேர்ந்தவங்களில பெரும்பாலானவங்களும் 60 தாண்டினவங்க. அதுக்காக சும்மா விடுற விஷயமும் இல்ல, 2019ல நிறைய ஆய்வுகளை சேர்த்துப் பார்த்தப்போ, 50 வயசில தொடங்கி ரெண்டு ஹோர்மோனையும் தினமும் 5 வருஷம் போட்டா, அடுத்த 20 வருஷத்தில 50 பேருக்கு ஒராள் எண்ட கணக்கில மேலதிகமா வருது. ஈஸ்ட்ரஜன் மட்டும் எண்டா 200 பேருக்கு ஒராள்.

அப்ப ஈஸ்ட்ரஜன் மட்டும் போடலாமே எண்டு கேப்பீங்க. நீங்க எழுதாத விஷயம் அதுதான், கர்ப்பப்பை இருக்கா, எடுத்தாச்சா? எடுத்தவங்களுக்கு அது போதும். இருக்கிறவங்க தனிய ஈஸ்ட்ரஜன் போட்டா கர்ப்பப்பையின்ட உள்சவ்வு தடிச்சு அதில கான்சர் வரலாம், அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டின். சிலபேர் மார்புக்குப் பயந்து புரோஜெஸ்டினை மட்டும் விட்டுட்டு ஈஸ்ட்ரஜனைப் போடுறாங்க, அது ஒரு பயத்துக்கு இன்னொரு நோயை வாங்குற வேலை. பக்கத்து வீட்டு அக்காட குளிசையை வாங்கிப் போடுறதும் வேணாம், அவவுக்கு கர்ப்பப்பை இல்லாம இருக்கலாம்.

உங்களுக்கு முந்தி மார்புக் கான்சர் வந்திருந்தாலோ, கால் ரத்தக்குழாயில ரத்தம் உறைஞ்சு கட்டியிருந்தாலோ, காரணம் தெரியாம கீழால ரத்தம் பட்டிருந்தாலோ போடாதீங்க, வேற மருந்து இருக்கு. அம்மாவுக்கோ சகோதரிக்கோ வந்திருந்தா அதை டொக்டரிட்ட கட்டாயம் சொல்லுங்க. தொடங்க முதல் மார்பைக் காட்டி செக் பண்ணுங்க, நாரஹேன்பிட்டியில அரசாங்கத்தின்ட இடம் இருக்கு. இதெல்லாம் சரியா இருந்தா, நித்திரையில்லாம தவிக்கிற 52 வயசு ஆளுக்கு நான் போடத்தான் சொல்லுவன், குறைஞ்ச அளவில, வருஷா வருஷம் தேவையா எண்டு பார்த்து. வேர்வை இல்லாம கீழ வறட்சி மட்டும் எண்டா உள்ளுக்குப் பூசுற ஈஸ்ட்ரஜன் கிறீமே போதும், அது ரத்தத்தில சேருறது மிகக் குறைவு.