காலரில் ஏன் இரட்டைக் கோடு?

கேள்வி: டென்னிஸ் வீரர் ஒருவரின் பெயரில் நடக்கும் பிரெட் பெர்ரி ஆடை நிறுவனமும் வடிவமைப்பாளர் ராஃப் சைமன்ஸும் சேர்ந்து வெளியிட்ட போலோ சட்டை ஒன்று வாங்கினேன். என் வழக்கமான சைஸ்தான், ஆனால் தொளதொளவென்று இருக்கிறது. போலியா? துவைத்ததும் காலர் நுனி சுருள்கிறதே, என்ன செய்வது?

பதில்: தொளதொளப்பை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். 2008-இல் தொடங்கிய இந்தக் கூட்டில், பெல்ஜிய வடிவமைப்பாளரான சைமன்ஸ் பல சட்டைகளை வேண்டுமென்றே பெரிதாக வெட்டியிருக்கிறார். 1960-களில் ஸ்கூட்டரும் சோல் இசையுமாகத் திரிந்த லண்டன் ‘மாட்’ இளைஞர்கள் அணிந்ததோ உடம்போடு ஒட்டிய சட்டை. மேல் பொத்தான் வரை பூட்டியிருப்பார்கள். அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால், தோள் தையல் தோள் எலும்பின் மேல் நிற்க வேண்டும். அடுத்த முறை லேபிளை நம்பாமல், நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து, அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

காலரில் உள்ள இரட்டைக் கோடு டென்னிஸிலிருந்து வந்ததல்ல. 1952-இல் வந்த பிரெட் பெர்ரி சட்டை வெறும் வெள்ளை. 1957-இல் வெஸ்ட் ஹாம் கால்பந்து ரசிகர்கள் தங்கள் அணியின் நிறங்களைக் கேட்டதால் கோடுகள் சேர்ந்தன.

காலர் ரிப் (வரி வரியாக இழுபடும்) பின்னல், உடல் பிக்கே (சிறு மேடுபள்ளம் கொண்ட) பின்னல்; இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் காலர் இழுபடும். உட்புறம் வெளியே திருப்பி, 30 டிகிரியில் துவைத்து, நிழலில் படுக்கையாக உலர்த்துங்கள். லேசான ஈரத்தில், காலரின் அடிப்பக்கத்தை நுனியிலிருந்து நடுவை நோக்கித் தேயுங்கள். வெள்ளைச் சட்டையில் அடர்நிறக் கோடு இருந்தால் ஊறவைக்கவே கூடாது, சாயம் இறங்கிவிடும்.