தமிழ் மறவன் பட்டாம்பூச்சியைச் சென்னையில் பார்க்க முடியுமா? அது எப்படி இருக்கும்?

சென்னையில் அதைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் பதில். 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பதம் மிக்க காடுகளைச் சார்ந்து வாழும் இனம். இந்தியாவிற்கு வெளியே இலங்கையிலும் அது உண்டு.

சிறகுகளை விரித்தால் 60 முதல் 75 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். மேற்புறம் செம்மஞ்சள், முன்சிறகின் வெளியோரம் கரிய நிறம், பின்சிறகில் கரும்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்க, ஓரத்தை ஒட்டி அலைபோன்ற கருங்கோடுகள் ஓடும். ஆனால் அடையாளம் காண நான் நம்புவது அடிப்புறத்தைத்தான். வெளிறிய காவி நிறப் பரப்பில், இரு சிறகுகளையும் குறுக்காகக் கடந்து செல்லும் வெள்ளிப்பட்டை ஒன்று அங்கே தெளிவாகத் தெரியும்.

கிண்டி தேசியப் பூங்காவைச் சுற்றியும் நம் தெருவோரங்களிலும் பறக்கும் செம்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் எவற்றிலும் இந்தப் பட்டை இல்லை. எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியனுக்கு முன்சிறகின் நுனி கறுத்து, அதில் வெண்பட்டை இருக்கும். சிறுபூனைக்காலிக் கொடியில் வளரும் இன்னொன்று மெல்லிய உடலுடன் தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும். சிறகு முழுவதும் கரும்புள்ளி தெளித்த சிறிய இனத்தின் புழுக்கள் சொத்தைக்களா இலையைத் தின்பவை. பலர் தமிழ் மறவன் என்று பகிரும் படங்கள் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

சென்னைக்கு ஏன் அது வருவதில்லை என்பதற்கு மழையளவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இங்கும் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிட, மீதி மாதங்களின் வறட்சியைத் தாங்கும் தடித்த இலைகளையும் முட்களையும் கொண்ட புதர்க்காடே கிண்டியில் நிலைத்திருக்கிறது. தமிழ் மறவனின் புழுக்களுக்கோ நீரடிமுத்து இனத்து மரங்களின் இலைகள் வேண்டும். தொழுநோய்க்கு மருந்தாக ஒரு காலத்தில் பெரிதும் நம்பப்பட்ட எண்ணெயைத் தரும் இம்மரம், மேற்கு மலைகளின் நிழல் மண்டிய ஓடைக்கரைகளில் இயல்பாக வளர்வது. மரம் இல்லாத இடத்தில் பட்டாம்பூச்சிக்கு வாழ்வு இல்லை. ஆகவே மாநிலச் சின்னத்தைக் காப்பது என்றால் அந்த ஓடைக்கரை மரங்களை வெட்டாமல் விடுவதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நேரில் காண விரும்பினால் மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு அல்லது ஆனைமலைப் பகுதிக்குச் செல்லலாம். காட்டுப் பாதைகளில் வெயில் விழும் இடங்களையும், ஆண் பூச்சிகள் உப்புச்சத்தை உறிஞ்சக் கூடும் ஈரமண்ணையும் பாருங்கள். அங்கே சிறகை மூடி அமரும்போது படம் எடுத்தால், வெள்ளிப்பட்டையைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளலாம்.