சோப்பு மாத்திரைக்கு அரசாங்க முத்திரை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இங்கிலாந்தின் இசை நடத்துநர் சர் தாமஸ் பீச்சம் பற்றிப் பேச்சு வந்தபோது, அவருடைய ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் இருந்தது அவர் தாத்தா பேதி மாத்திரை விற்றுச் சேர்த்த பணம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இசையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. வந்த கடிதமெல்லாம் பேதி மாத்திரையைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க விக்டோரியா ராணி காலத்து 'பேட்டண்ட் மருந்து'களுக்கே, அதாவது உள்ளே இருப்பதைச் சொல்லாமல் விளம்பரத்திலேயே விற்ற ரகசிய மருந்துகளுக்கே, இருக்கட்டும்.

பேட்டண்ட் மருந்து என்கிறீர்கள். பேட்டண்ட் வாங்க வேண்டுமென்றால் செய்முறையை வெளியில் சொல்லியாக வேண்டும். அப்புறம் எப்படி அது ரகசிய மருந்தாகும்?
*ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், தஞ்சாவூர்*

பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு பேட்டண்டே கிடையாது. வாங்கினால் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும், சொன்னால் வியாபாரம் படுத்துவிடும். பழைய காலத்தில் சில மருந்துக்காரர்கள் ராஜாவிடம் உரிமைப் பட்டயம் வாங்கி வைத்திருந்தார்கள், அந்தப் பெயர்தான் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. இவர்களிடம் உண்மையில் இருந்தது ஒரு பெயர், ஒரு லேபிள், அப்புறம் ஒரு வரி முத்திரை.

அந்த முத்திரைதான் வேடிக்கை. 1783-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் ரகசிய மருந்துகளுக்கு வரி போட்டது. ஒவ்வொரு டப்பாவின் மேலும் அரசாங்க முத்திரைச் சீட்டு ஒட்ட வேண்டும், திறந்தால் கிழிகிற மாதிரி. வரி வசூலுக்காக வந்த காகிதம் அது. ஆனால் வாங்குகிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? சர்க்காரே முத்திரை குத்திக் கொடுக்கிற மருந்து என்றுதான். கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயரையும் அந்த முத்திரையில் பொறித்து வாங்கிக்கொண்டு, "முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், போலிகளிடம் ஏமாறாதீர்கள்" என்று விளம்பரமும் செய்தார்கள். பிற்பாடு அரசாங்கத்துக்கே சங்கடமாகி, 'இந்த முத்திரை அரசின் உத்தரவாதம் அல்ல' என்று அதிலேயே அச்சடிக்க வேண்டி வந்தது. அந்தப் பொடி எழுத்தை யார் படித்தார்கள் என்று கேட்காதீர்கள். வரி என்னவோ 1941 வரை வசூலானது.

பீச்சம் மாத்திரையில் உண்மையில் என்னதான் இருந்தது?
*நாட்டு மருந்துக் கடைக்காரர், திண்டுக்கல்*

உங்கள் கடையிலேயே இருக்கிறது. கரியபோளம் (கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது), சுக்கு, அப்புறம் சோப்பு. கரியபோளம் பேதிக்கு, சுக்கு வயிற்றைப் பிசையாமல் இருக்க, சோப்பு மாத்திரையாக உருட்டிப் பிடிக்க. 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் சந்தையில் இருந்த ரகசிய மருந்துகளை வாங்கிப் பரிசோதித்து ஒரு புத்தகமே போட்டது. அதில்தான் இந்தக் கணக்கு வெளியே வந்தது. 56 மாத்திரை கொண்ட ஒரு பெட்டியின் விலை 1 ஷில்லிங் ஒன்றரைப் பென்னி (அப்போது ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி). உள்ளே இருந்த சரக்கின் விலை அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. நூறு மடங்குக்கும் மேல் விலை. இதில் அந்த ஒன்றரைப் பென்னி என்பது முத்திரை வரி. கணக்குப் போட்டுப் பாருங்கள், டப்பாவுக்குள் இருந்த மருந்தைப் போல 12 மடங்கு விலை அதன் மேல் ஒட்டிய காகிதத்துக்கு! இதையெல்லாம் வைத்துக்கொண்டு அவர்கள் போட்ட வாசகம்: 'பெட்டி ஒன்றுக்கு ஒரு கினி பெறும்.' ஒரு கினி என்றால் 21 ஷில்லிங்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை வேலை செய்தது. பேதி மாத்திரை பேதியாக்கியது, அதில் மோசடி இல்லை. அந்தக் காலத்து டாக்டர்களும் கரியபோளத்தைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மோசடி விளம்பரத்தில் இருந்த பட்டியலில். தலைவலி, தலைசுற்றல், மூச்சு வாங்குதல், தோலில் தடிப்பு, தூக்கமின்மை, நடுக்கம், எல்லாவற்றுக்கும் மேலே 'பயங்கரக் கனவுகள்'. மலச்சிக்கல் தீர்ந்தால் கெட்ட கனவு வராது என்பதை நான் மறுக்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை.

இப்படிச் சம்பாதித்தவர்கள் அந்தப் பணத்தை என்ன செய்தார்கள்?
*கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

ஒருத்தர் காலேஜ் கட்டினார். தாமஸ் ஹாலோவே, களிம்பும் மாத்திரையும் விற்றவர். 1837-ல் தொடங்கினார், விளம்பரத்துக்குக் கடன் வாங்கிக் கடனாளிகள் சிறைக்கே போய்வந்தார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விளம்பரம் என்ற சொல்லைக் கேட்டாலே ஓடியிருப்பார்கள். இவர் வெளியே வந்து இன்னும் அதிகமாகச் செலவழித்தார். 1842-ல் வருஷத்துக்கு 5,000 பவுண்டு, 1883-ல் சாகும்போது வருஷத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு, எல்லாம் விளம்பரத்துக்கு மட்டும். மருந்தை உபயோகிக்கும் முறையைச் சீனம், துருக்கி, அரபி, ஆர்மீனியம், இந்திய மொழிகளில் பெரும்பாலானவை என்று அச்சடித்துக் கப்பலேற்றினார். கடைசியில் லண்டனுக்கு வெளியே பெண்களுக்காக ஒரு கல்லூரியும் மனநோயாளிகளுக்காக ஒரு விடுதியும். கல்லூரியை 1886-ல் விக்டோரியா ராணியே வந்து திறந்து வைத்தார். இன்றும் அது லண்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி, செங்கல்லில் கட்டிய அரண்மனை மாதிரி இருக்கும்.

எஸ்டேட்டில் வேலை பார்த்த என் பாட்டி எந்த வயிற்றுக் கோளாறானாலும் 'குளோரோடைன்' என்று ஒரு குப்பியைத் தேடுவார். இரண்டு சொட்டில் வலி போய்விடுமாம். அது என்ன மந்திரம்?
*வாசகி, வால்பாறை*

மந்திரத்தின் பெயர் அபின். குளோரோடைன் இந்தியாவோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சரக்கு. ஜான் காலிஸ் பிரவுன் என்று பிரிட்டிஷ் ராணுவ டாக்டர், 1848 வாக்கில் இங்கே வேலை பார்த்தபோது காலராவுக்காக இதைக் கலக்கினார். அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின், குளோரோஃபார்ம், கஞ்சாச் சாறு, இவைதான் முக்கியச் சரக்கு. 1856-லிருந்து இங்கிலாந்தில் குப்பியில் விற்பனை. ஓடாமல் என்ன செய்யும்? வலியும் தெரியாது, வயிறும் கட்டிவிடும், தூக்கமும் வந்துவிடும். உங்கள் பாட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து போகிற தண்ணீர். போன தண்ணீரை இந்தச் சொட்டு மருந்து திரும்பக் கொண்டுவராது. இதற்குள் ஃப்ரீமேன் என்று இன்னொருவர் 'நானும் குளோரோடைன்காரன்தான்' என்று கிளம்ப, அசல் யார் என்று 1864-ல் கோர்ட்டு வரை போனார்கள்.

எனக்கு இதில் ஆறவே ஆறாத விஷயம் குழந்தைகள். 'காட்ஃப்ரீஸ் கார்டியல்' என்று ஒரு பாகு, வெல்லப்பாகு மாதிரிச் சர்க்கரைப் பாகில் அபினைக் கலந்தது. மில் வேலைக்குப் போகிற தாய் காலையில் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுப் போவாள், கிழவிக்கு அது போல ஏழெட்டுக் குழந்தைகள், எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி. குழந்தை அழாது. பசித்தாலும் அழாது, அதுதான் பயங்கரம். பால் கேட்காமல் சுருங்கிச் சுருங்கியே போன குழந்தைகள் எத்தனையோ. அமெரிக்காவில் மார்ஃபின் கலந்த 'மிஸஸ் வின்ஸ்லோ' பாகும் இதே கதைதான். 1868-ல் விஷப் பொருள் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டு இங்கிலாந்தில் சட்டம் வந்தது, அபினும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் பேட்டண்ட் மருந்துகளுக்கு விலக்கு! கடைக்காரர் அபினை அபின் என்று விற்றால் கட்டுப்பாடு, பாகில் கலந்து பெயர் வைத்து விற்றால் இல்லை.

சட்டக் கல்லூரியில் கார்லில் வழக்கு படித்தோம். கார்பாலிக் புகைப் பந்து என்று ஒன்று நிஜமாகவே இருந்ததா? அந்த அம்மா அப்புறம் என்ன ஆனார்?
*சட்ட மாணவி, சேலம்*

ஒப்பந்தச் சட்டம் படிக்கிற எல்லோரும் முதலில் சந்திக்கிற அம்மா. படிக்காதவர்களுக்காக: ரப்பர் பந்து, உள்ளே கார்பாலிக் அமிலம் கலந்த பொடி, ஒரு குழாய். குழாயை மூக்கில் வைத்துப் பந்தை அமுக்கினால் பொடி உள்ளே ஏறி மூக்கு ஒழுகும். ஃபுளூ பரவி ஜனங்கள் நடுங்கிக்கொண்டிருந்த 1891-ல் கம்பெனி விளம்பரம் கொடுத்தது: எங்கள் பந்தை இரண்டு வாரம், நாளுக்கு மூன்று தடவை உபயோகித்த பிறகும் ஃபுளூ வந்தால் 100 பவுண்டு தருவோம், நம்பிக்கைக்கு 1,000 பவுண்டை பேங்கில் போட்டிருக்கிறோம். லூயிசா கார்லில் 10 ஷில்லிங் கொடுத்து வாங்கி, நவம்பர் 20-லிருந்து தவறாமல் உறிஞ்சினார். ஜனவரி 17-ல் ஃபுளூ வந்தது. 100 பவுண்டைக் கேட்டார். கம்பெனி, அது சும்மா விளம்பரப் பேச்சு, யாராவது அதைப் போய் நிஜமென்று எடுத்துக்கொள்வார்களா என்றது. விளம்பரம் கொடுத்தவனே 'என்னை நம்பியது உன் தப்பு' என்று கோர்ட்டில் நின்று சொல்கிற அழகைப் பாருங்கள். முதல் விசாரணையில் அவர்களுக்காக வாதாடியவர் பிற்பாடு பிரதமரான ஆஸ்க்வித். தோற்றார்கள். 1892 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். பேங்கில் 1,000 பவுண்டு போட்டதாகச் சொன்னதே அவர்கள் காலை வாரிவிட்டது, விளையாட்டுக்குச் சொல்கிறவன் பணத்தைக் கட்டுவானா?

பாடப்புத்தகத்தில் இல்லாதது: தோற்ற பிறகு பந்துக்காரர் இன்னொரு விளம்பரம் போட்டார், இந்தத் தடவை பரிசு 200 பவுண்டு, ஆனால் நிபந்தனைகளை வக்கீல் கண்ணோடு எழுதி. கார்லில் அம்மா 1942 வரை இருந்தார், வயது 96. இறப்புக்கு டாக்டர் எழுதிய காரணங்களில் முதுமையோடு கூட ஃபுளூவும் இருந்தது.

'ரகசிய நோய் நிபுணர்' என்று சுவரெல்லாம் எழுதுகிறார்களே, அது நம் ஊர்க் கண்டுபிடிப்பா? பெயர் வேண்டாம்.
*பெயர் வெளியிட விரும்பாதவர், ஈரோடு*

இல்லை ஐயா. லண்டனில் ஜோசப் கான் என்பவர் 1851-ல் உடற்கூறு மியூசியம் ஒன்று திறந்தார், மெழுகு பொம்மைகளில் உடலின் உள்ளமைப்பு. ஆரம்பத்தில் மரியாதையாகத்தான் இருந்தது. போகப் போக, வாலிப வயதுத் தப்புகளால் வரும் 'தாதுக் குறைவு' பற்றிய பிரசங்கமும், நோய் முற்றினால் எப்படி இருக்கும் என்று காட்டும் பொம்மைகளும் முக்கியமாகின. இருபது வயசுப் பையன் அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது வியர்த்து வழிவான், வாசலிலேயே புத்தகம், ஆலோசனை, மருந்து. அந்த 'நோயை' ஒரு பிரெஞ்சு சர்ஜன் மருத்துவப் புத்தகத்திலேயே எழுதியிருந்ததால் போலிகளுக்கு ரொம்ப வசதி. தபாலிலும் வைத்தியம் உண்டு. கடிதத்தில் அந்தரங்கத்தை எல்லாம் எழுதிவிட்ட பிறகு எந்தப் பையன் பணத்தைத் திருப்பிக் கேட்பான்? 1873-ல் ஆபாசத் தடைச் சட்டத்தில் வழக்குப் போட்டு பொம்மைகளை உடைத்தார்கள்.

அப்புறம் இதே கூட்டத்துக்கு மின்சார பெல்ட் வந்தது. ஆக்ஸ்போர்டு தெருவில் ஹார்னஸ் என்பவர் ஆடம்பரமாக விற்றார். அதில் மின்சாரம் என்று சொல்லும்படி ஒன்றும் ஓடவில்லை என்று 1890-களில் சந்தி சிரித்தது. நம் ஊரில் 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று தொடங்குவதெல்லாம் இந்தச் சரக்கின் பேரப்பிள்ளைதான். இந்தியாவில் இப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு எதிராக 1954-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சுவருக்கு அது தெரியாது போலிருக்கிறது.

பத்திரிகைகள் அப்போது வாயில் என்ன வைத்திருந்தன?
*ஒரு வாசகர், காரைக்குடி*

கொழுக்கட்டை. அதாவது விளம்பரக் காசு. நான் சொன்ன 1909-ம் வருஷப் புத்தகம் இருக்கிறதே, அதற்கான விளம்பரத்தையே பல பத்திரிகைகள் வாங்க மறுத்தன. அமெரிக்காவில் இன்னும் சாமர்த்தியம். மாநிலத்தில் பேட்டண்ட் மருந்துகளுக்கு எதிராகச் சட்டம் ஏதாவது வந்தால் இந்த விளம்பர ஒப்பந்தம் ரத்து என்று சிவப்பு மையில் ஒரு ஷரத்து, அப்புறம் பத்திரிகை ஆசிரியரே போய்ச் சட்டத்துக்கு எதிராகப் பேசுவார். இங்கிலாந்துப் பாராளுமன்றம் கமிட்டி போட்டு எல்லாவற்றையும் விசாரித்துக் கடுமையான அறிக்கை எழுதியது. அது வெளியான தேதி 1914 ஆகஸ்ட் 4, பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கிய நாள். யார் படிப்பார்கள்?

இந்தப் பதில்களை எல்லாம் நீங்கள்தான் எழுதுகிறீர்களா, இல்லை உதவி ஆசிரியரா?
*வாசகி, புதுச்சேரி*

நான்தான். ஆனால் சந்தேகப்படுவது நல்லது. அமெரிக்காவில் லிடியா பிங்கம் என்ற அம்மா பெண்களின் உபாதைகளுக்கு மூலிகை மருந்து விற்றார் (நூற்றுக்குச் சுமார் 18 பங்கு ஆல்கஹால், மதுவிலக்கு பேசிய குடும்பத்துப் பெண்களும் கூசாமல் குடித்தார்கள்). 'பிங்கம் அம்மாவுக்கு எழுதுங்கள், பெண்ணின் கஷ்டம் பெண்ணுக்குத்தான் தெரியும்' என்று விளம்பரம். எழுதினார்கள், பதிலும் வந்தது. 1905-ல் ஒரு மகளிர் பத்திரிகை அவருடைய கல்லறைக் கல்லைப் படம் பிடித்துப் போட்டது. அம்மா இறந்தது 1883-ல்.

எனக்கு இடது முட்டியில் ஆறு மாதமாக வலி. மாடி ஏறினால் அதிகம். என்ன செய்யலாம் சார்?
*ஒரு வாசகர், நாகர்கோவில்*

டாக்டர் ஆலின்சன் என்று ஒருவர் லண்டனில் இருந்தார். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். தவிடு நீக்காத கோதுமை ரொட்டி சாப்பிடுங்கள், புகையிலையை விடுங்கள், மருந்தைக் குறையுங்கள் என்று சொன்னவர். இன்றைக்குச் சொன்னால் கைதட்டுவோம். ஒரு வாரப் பத்திரிகையில் வாசகர்களின் உடல்நலக் கேள்விகளுக்குப் பதிலும் எழுதினார், இதோ நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு நாற்காலியில். பதிவு பெற்ற டாக்டர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளலாமா, சக டாக்டர்களின் மருந்தைக் குறை சொல்லலாமா என்று 1892-ல் மருத்துவக் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டது. 1894-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். சோப்பு மாத்திரைக்காரர்களை அந்தக் கவுன்சில் தொடவே முடியாது, அவர்கள்தான் டாக்டரே இல்லையே! காந்திக்கும் இவரைத் தெரியும். கருத்தடையை ஆதரித்ததற்காக லண்டன் சைவ உணவுச் சங்கத்திலிருந்து இவரை நீக்கப் பார்த்தபோது, அந்தக் கருத்தில் உடன்பாடில்லாத காந்தி, அதற்காக நீக்குவது தப்பு என்று நின்றார். 1914-ல் லண்டனில் ப்ளூரிசி என்கிற நுரையீரல் உறை அழற்சியோடு படுத்தபோது இவரிடமும் வைத்தியம் பார்த்துக்கொண்டார். ஆலின்சன் பெயரில் ரொட்டி இங்கிலாந்தில் இன்னும் விற்கிறது.

முட்டியை உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் காட்டுங்கள். இங்கே நான் ஏதாவது சொல்லிவைத்தால், என்னிடமிருந்து பறிப்பதற்கு ஒரு பட்டம்கூடக் கிடையாது.